வெர்னாவின் துப்பாக்கி

ஓக்லஹோமாவின் சிற்றூர்த் துப்பாக்கிக் கடையில், பள்ளிச் சமையற்காரி வெர்னா இரண்டு கைத்துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விவாகரத்துக்குப் பிறகும் மிரட்டிவந்த முன்னாள் கணவன் டுவெய்ன் அவளை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அந்தத் தாளை அவன் அவள் வாசலிலேயே கிழித்தெறிந்தான். கொலை விழட்டும் என்று காத்திருந்ததுபோல், அவள் கூப்பிட்டும் போலீஸ் வரவே இல்லை.

“தட்டையா இருக்கே, இதை எடும்மா. சர்ச்சுல பக்கத்துல உக்கார்றவளுக்குக்கூடத் தெரியாது,” என்றார் கடைக்காரர் ஹாலிஸ். “குண்டு ஏத்த மேல்பாகத்தைப் பின்னால இழுக்கணும். இழு, பாப்போம்.”

வெர்னாவால் இழுக்க முடியவில்லை.

“என்னம்மா, காலையில சாப்பிடலையா?”

“டுவெய்ன் முறிச்ச கை, அண்ணே. சரியா கூடலை.”

ஹாலிஸின் சிரிப்பு நின்றது. இழுக்கத் தேவையில்லாத, ஐந்தே குண்டு கொள்ளும் மற்றொரு துப்பாக்கியை, சுழல்துப்பாக்கியை, அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எதைச் சுமக்க வேண்டும் என்பதையும் டுவெய்னே முடிவுசெய்திருந்தான்.