ஏழு என்று சொன்னேன்

என் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், எங்கள் ஒதியம்பட்டில் ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று எல்லாரும் நம்பினார்கள். என் நாத்தனாரின் மகன் எட்டில் பிறந்து மூன்றாம் நாள் போனான். யாரும் பெரிதாக அழக்கூட இல்லை. "எட்டாச்சே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதைப் பார்த்தவள் நான். எனக்கும் எட்டிலேயே வலி எடுத்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "யார் கேட்டாலும் ஏழுன்னுதான் சொல்லணும். எட்டுன்னு வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்!" பாவம், மனுஷன் தலையாட்டினார்.

பிள்ளை பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா, மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்து, அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். படம் பிடிக்கிற மிஷினை என் மகளின் உச்சிக்குழியில் வைக்கப் போனார். எனக்கு வந்ததே கோபம்!

"அந்த எடத்துல நாங்க எண்ணெ தொட்டு வெக்கவே பயப்படுவோம். நீங்க இன்னா மிஷின வெச்சு அழுத்துறீங்க?"

அவர் சிரித்தபடி அதை என் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். ஜில்லென்று இருந்தது, வலிக்கவில்லை. "இங்க எலும்பு இன்னும் மூடலம்மா. இது வழியாத்தான் மூளைய பாக்க முடியும்" என்றார்.

சின்ன டி.வி.யில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அதில் கோடு கோடாக இருந்தவை மூளையின் மடிப்புகளாம். வயிற்றில் மாதம் ஏற ஏற மடிப்பும் கூடுமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏழு மாசம்னு சொன்னீங்களே. மடிப்பு அதவிட அதிகமா தெரியுது. எட்டு இருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எட்டு என்று தெரிந்தால் இவர்களும் கைவிட்டுவிடுவார்கள், ஊசிகூடப் போட மாட்டார்கள் என்று பயம். "வில்லியனூர் மாதா சத்தியமா ஏழுதான்" என்றேன். அதோடு விட்டேனா? "சொமந்தவளுக்குத் தெரியாதது மிஷினுக்கு இன்னா தெரியும்?" என்றும் கேட்டேன். அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பெற்றவள் பேச்சை நம்பி ஏழு என்று எழுதினார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஒரு வயதாகியும் தவழவில்லை என்று மறுபடி கொண்டுபோனேன். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார்: "மூணு மாசம் முன்னாடி பொறந்தவ. பன்னெண்டுல மூணு போனா ஒம்போது மாசப் புள்ள கணக்கு, தவழ இன்னும் நாள் இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க." இரண்டைத்தான் கழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்தது. மாதா மேல் பண்ணின சத்தியத்தை எப்படித் திருப்பி வாங்குவது? வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை போனபோது, தூக்கி நிறுத்தினால் அவள் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன. டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எட்டுன்னு தெரிஞ்சிருந்தா போன தடவையே கால் பயிற்சிக்கு அனுப்பியிருப்பேனேம்மா" என்றார். அப்படி அனுப்பியிருந்தால் நடந்திருப்பாளா என்று கேட்டேன். தெரியாது என்றார். என் ஆறுதலுக்காக அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டார். எட்டு தங்காது என்பதைச் சொன்னேன். அவர் வேறு ஊர்க்காரர். நான் சொன்னது அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரும்மா சொன்னது? ஏழவிட எட்டு நல்லதாச்சே! உங்க வயித்துல ஒரு மாசம் கூட இருந்திருக்கா. எட்டுல பொறந்ததுங்கதான் இங்க நல்லா பொழைக்குதுங்க."

அந்த ஒரு மாதத்தை அவளுக்குக் கொடுத்தது என் உடம்பு. அதைப் பிடுங்கிக்கொண்டது என் வாய். அவள் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.