பாட்டில் இருக்க வேண்டிய உயரம்

குழந்தையின் எடை ஏறவில்லை. என் பால் போதவில்லை என்று மருத்துவர் சொன்னார். புட்டியில் பழக்கினால் மார்பை மறந்துவிடும் என்பதால் அவர் வேறு வழி காட்டினார். சேமியா அளவுக்கு மெல்லிய குழாய். ஒரு முனையைக் காம்போடு சேர்த்துப் பிளாஸ்திரி போட வேண்டும். மறுமுனை பவுடர் பால் பாட்டிலுக்குள் இருக்கும். குழந்தை சப்பும்போது இரண்டு பாலும் சேர்ந்து வாய்க்குப் போகும். சப்பச் சப்ப எனக்கு ஊறும். ஊறாவிட்டால் முழுக்கப் புட்டிதான் என்பதையும் சொல்லிவிட்டார்.

பாட்டிலை எங்கே வைப்பது என்று நாங்கள் கேட்கவில்லை. பழங்காநத்தம் வீட்டுக்கு வந்ததும் அம்மா காலண்டரைக் கழற்றி, அந்த ஆணியில் பாட்டிலை மாட்டினார். காய்ச்சல் என்று போனாலே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்கள் நாங்கள். குழாய் என்றால் உயரத்திலிருந்துதான் இறங்க வேண்டும்.

பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “என்னத்தா இது, மாருக்கே குளுக்கோஸ் ஏத்துறீங்களா?”

“சிரிக்காதடி. எம்புட்டு வேகமாக் குடிக்கிறான்னு பாரு” என்றார் அம்மா.

வேகமாகத்தான் குடித்தான். எடையும் கூடியது. என் மார்பு மட்டும் அப்படியே தளர்ந்து கிடந்தது.

அடுத்த முறை மருத்துவர் தன் எதிரிலேயே கொடுக்கச் சொன்னார். அம்மா பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மருத்துவர் அந்தக் கையைப் பிடித்து, என் மார்புக்குக் கீழே இறக்கினார்.

“அவன் சப்பலைம்மா. ஒழுகுறத முழுங்குறான்.”

வீட்டில் பாட்டில் முக்காலிக்கு இறங்கியது. குழந்தை நாலு இழுப்பு இழுத்துவிட்டு, முகம் சிவக்க அழுதான்.

“பச்சப்புள்ளைய ஏன்டி இப்படி வேலை வாங்குற? மேல மாட்டு.”

“மாட்டுனா எனக்கு ஊறாதும்மா.”

“ஊறாட்டிப் போகுது. அவனுக்கு வயிறு நிறையட்டும்.”

அம்மா சொன்னதிலும் தவறில்லை. நான் பாட்டிலைத் தொடவில்லை. குழந்தை மறுபடி கவ்வினான். குழாயில் பால் மெல்ல ஏறியது. அவன் நிறுத்தியதும் கீழே இறங்கியது. அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் பார்த்தார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஏ, அந்தப் பக்கம் நைட்டி நனைஞ்சிருக்கு.”

தண்ணீர் பட்டிருக்கும் என்றேன். அம்மா விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். எழுந்துபோய்த் துண்டு எடுத்து வந்தார்.