எமோகே போட்ட பாட்டு

ஷாம்பு நுரைக்குள் எமோகேயின் பத்து விரல்களும் தாளம் போட ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. தொட்டியில் தலை சாய்த்திருக்கும் மார்கித் அத்தை கண்ணைத் திறக்காமலே கத்துவார்: "அடியே, இது என் தலைடி, மத்தளம் இல்ல!"

"ரெண்டுமே உள்ள காலிதானே அத்தை?"

பார்லரே சிரிக்கும். அடுத்த வாரமும் அத்தை அவளிடம்தான் வருவார், வீட்டில் காய்ச்சிய ஆப்ரிகாட் ஜாமோடு.

ஹங்கேரியில், கெச்கெமேட் ஊரில் அம்மா நடத்தும் பார்லர் அது. சாயம் கலக்கும் பின்னறையில் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டர். அங்கேதான் எமோகே டிரம் அண்ட் பேஸ் என்கிற வேக இசையைக் கட்டுகிறாள். மேலே டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும். அடியில் பேஸ் என்கிற கனத்த அடிநாதம் எருமை மாதிரி நிதானமாக நடக்கும். "ஓடுறவனும் நடக்கிறவனும் ஒண்ணா ஊர் போய்ச் சேரணும். அவ்ளோதான் வேலை" என்பாள். ஹேர் டிரையர்கள் எல்லாம் இரையும் நேரமாகப் பார்த்துப் புதுப் பாட்டை ஓடவிடுவாள். அந்த இரைச்சலிலும் பேஸ் நெஞ்சைத் தட்டினால் பாட்டு தேறியது.

போன வருஷ வசந்தத்தில் அப்படித் தேறி, அவள் இணையத்தில் ஏற்றிய ஒன்றை இங்கிலாந்தின் பிரிஸ்டல் வானொலிக்காரர் ஒருவர் ஒலிபரப்பினார். பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. லண்டன் கம்பெனி ஒன்று வெளியிடக் கேட்டது. கூடவே வதந்தியும் கிளம்பியது: அந்தப் பெண்ணாவது போடுவதாவது, ஆபெல் போட்டுக் கொடுத்தது! ஆபெல் அவளுடைய பழைய காதலன். அவனும் இசை போடுகிறவன். ஆமாம் என்று அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவளை அறுத்தது.

சந்தேகம் தீரட்டும் என்று கம்பெனி கையைக் கட்டிக்கொண்டது. ஆபெல் பார்லர் வாசலுக்கே வந்து நின்றான்.

"ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம். எல்லார் வாயும் அடங்கிடும்."

"அதுல நீ என்ன போட்ட, ஆபெல்?"

"கூடவே இருந்தேன்ல?"

"எங்கம்மாவும்தான் கூட இருந்தாங்க, டிரையரைப் பிடிச்சுக்கிட்டு. அவங்க பேரையும் போடட்டுமா?"

அவன் போனபின் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பேருதானேடி, கொடுத்துத் தொலையேன்! வீடு தேடி வந்தது போயிடுமே."

"இதுல பாதி கொடுத்தா, அடுத்ததும் பாதி அவனுதுன்னுதானேம்மா சொல்வாங்க?"

வந்தது போய்விட்டது. அந்தக் கோடை முழுக்க எமோகே கம்ப்யூட்டரைத் தொடவில்லை; தலை கழுவினாள், தரை கூட்டினாள். இலையுதிர் காலத்தில் மறுபடி உட்கார்ந்தாள். ஒன்று, இன்னொன்று என்று பாட்டுகள் வந்தன, எல்லாவற்றிலும் அதே எருமை நடை. ஆபெலின் பாட்டுகளும் வந்தன. காதுள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வதந்தி தானாக உலர்ந்து உதிர்ந்தது. பிரிஸ்டலின் சின்னக் கம்பெனி ஒன்று அவள் பேரை மட்டும் போட்டு வெளியிட்டது. இந்தக் கோடையில் பாலட்டான் ஏரிக்கரை விழாவில், வெயில் சாய்கிற நேரத்தில், பெரிய மேடையில் அவள் வாசித்தாள்.

அதற்கடுத்த வாரம் ஆபெலின் அம்மா பார்லருக்கு வந்தார். வதந்தி கிளம்பிய நாளிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதவர். தொட்டியில் தலை சாய்த்து, கூரையைப் பார்த்தபடி, "எமோகே, எம் பையன் உனக்கு..." என்று ஆரம்பித்தார். எமோகேயின் அம்மாவின் கத்தரிக்கோல் நின்றது.

எமோகே தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு ஒரு துண்டை மடித்து, அந்த அம்மாளின் பிடரிக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவே வைத்தாள்.