கழுவக்கூடாத ஜீப்

துறைமுக வீதியில் அவர் வாகனத் தரகர். வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமும் எந்நேரமும் மடிப்புக் குலையாமல் இருக்கும். சண்டைக் காலத்தில் என் சின்ன ஜீப்பை விற்க அவரைக் கூப்பிட்டேன். நல்ல விலை போகட்டும் என்று அதைக் கழுவி மினுக்கி வைத்திருந்தேன். பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"ஐயோ தம்பி, விலையைக் கெடுத்துப் போட்டீங்களே! வடிவான வாகனமெண்டால் ஆமியும் இயக்கமும் ரெண்டு பக்கத்தாரும் இரவல் கேட்பினம். போனது திரும்பி வராது. ஆர் வாங்குவினம்?"

தன்மேல் ஒரு துளியும் படாமல் ஜீப்புக்குச் சேறு பூசினார். கதவு நெளிய ஓங்கி உதைத்தார். வாங்க வந்த மூதூர் அரிசி முதலாளி ஒருவர், அந்த நெளிவை ஆசையோடு தடவிப் பார்த்து, கேட்ட விலையையே தந்தார்.

"நீங்கள் மட்டும் இவ்வளவு வெள்ளையாய்த் திரியிறீங்களே, ஐயா?" என்றேன்.

"இந்த வயசில என்னை ஆர் தம்பி இரவல் கேட்கப் போகினம்?"

அதை நிம்மதியாகச் சொன்னாரா, மனக்குறையாகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.