சட்டைப் பையில் ஆறு வாக்கியங்கள்

அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகுதான், ஒரு செல்போனில் மொத்தமே மூன்று பொத்தான்கள் இருக்கின்றன என்பதை நான் கவனித்தேன். ஒன்று போனை அணைக்க. அதில் கைவைக்க முடியாது. மிச்சம் சத்தத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைப் பேச வைக்க வேண்டும். வாய் திறக்காத ஆசாமியாக இருந்தாலாவது பரவாயில்லை. இவன் டவுணில், ரத வீதி ஜவுளிக்கடையில், முப்பது வருஷம் பேசிப் பேசியே சேலை விற்றவன்.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் வியாபாரி. உடம்பு தேறியதும் ஒரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை வந்து கவுண்டரில் நில்லும், சரிப்பட்டு வந்தால் பார்ப்போம், இல்லையென்றால் பின்னால் கிடங்கில் துணி மடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அண்ணனுக்குக் கிடங்கு என்பது அவனையே மடித்து அலமாரியில் வைப்பது போலத்தான். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த, தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று இருந்தது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். சேலை விரிக்க இரண்டு கை வேண்டும். போனில் தட்டச்சு செய்து பேச வைக்கலாம் என்றால், இவன் கண்ணாடியைத் தேடி எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் வந்தவர்கள் அடுத்த கவுண்டரில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே நான் யோசித்த வழி இது: போன் சட்டைப் பையில் இருக்கும். சட்டைக்கு மேலாகவே பெருவிரலால் அமுக்கினால், பார்க்காமலே, அது பேச வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டுகிறவன். எனக்கு இதெல்லாம் தெரியாது. தேடித் தேடி, போன் பொத்தான்களுக்கு வேறு வேலை கொடுக்கிற ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ இருந்துகொண்டு, காசு வாங்காமல் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு அமுக்கு, இரட்டை அமுக்கு, நீண்ட அமுக்கு. இரண்டு பொத்தானுக்கும் சேர்த்து ஆறு. ஆறு வாக்கியம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

துள்ளியது அரை நாள். போன் தூங்கினால் செயலியும் தூங்கியது. தூங்கவிடாமல் செய்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அதைக் கொன்றது. அதற்கு ஒரு இடத்தில் போய் அனுமதி கொடுத்தால், மறுநாள் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, கொடுத்த அனுமதியைப் பிடுங்கிக்கொண்டது. செயலியைச் செய்தவர்களின் குழுவில் என் ஓட்டை இங்கிலீஷில் எழுதிக் கேட்டேன். எங்கிருந்தோ ஒருவர், தப்பு எங்கள் மேல் இல்லை, உங்கள் போன் அப்படி, அதை வைத்திருக்கிற எல்லாரும் இங்கே வந்துதான் அழுகிறார்கள் என்று அன்பாகப் பதில் எழுதினார். தினம் காலையில் எழுந்ததும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது.

இதற்கு நடுவே எந்த ஆறு என்று சண்டை. அண்ணன் காலண்டர் தாளின் பின்பக்கம் இருபத்தெட்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தான். ஆறுதான் முடியும் என்றால், இன்னும் இரண்டைச் சேர்த்துக் கீழே கோடு போட்டான். போனுக்குள் இருக்கிற பெண் குரலில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அவன் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினான்: "இந்தப் பொம்பள பேசி நான் சேல விக்கவா?"

அவன் குரலுக்கு எங்கே போவது? இருந்தது ஒரே இடம், எனக்கு அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். நாலு வருஷத்து மெசேஜையும் உட்கார்ந்து கேட்டேன். அத்தனையும் என்னைத் திட்டியவை. கோட்டிக்காரா, கூறு இருக்காலே என்று ஆரம்பிக்காதது ஒன்றுகூட இல்லை. அதற்குள்ளிருந்து வியாபாரத்துக்கு ஆகிறதை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு நான் லேட்டானபோது, "வாங்க, வாங்க, உக்காருங்க, பந்தி முடிஞ்சு எலையெல்லாம் எடுத்தாச்சு" என்று அனுப்பியிருந்தான். பந்தியை வெட்டிவிட்டு வரவேற்பை எடுத்துக்கொண்டேன். என் மனைவி வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது அவளிடம் அவன் கேட்ட "எவ்வளவுக்குள்ள பாக்குதீய" கிடைத்தது. என் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய நாளில் சொன்ன "பைய பாருங்க, அவசரமில்ல" கிடைத்தது. எப்படியோ ஆறு தேறியது. சேலை விற்கிறவன் தினம் நூறு தடவை சொல்கிற "சாயம் போவாது" மட்டும் எங்கேயும் இல்லை. முப்பது வருஷம் ஊருக்கே சொன்னதை ஒரு தடவை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறையும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, சத்தத்தை முழுசாக வைத்து, அவன் பையில் நானே போட்டு டவுண் பஸ் ஏற்றினேன். பிறகு மனைவியோடு, சேலை எடுக்க வந்தவன் மாதிரி கடைக்குப் போனேன். மாடிப்படியில் நின்று பார்த்தால், அண்ணன் கவுண்டரில் நிற்கிறான். பை தட்டையாக இருக்கிறது.

கடையில் வேலை செய்கிறவர்கள் யாரும் போனோடு கவுண்டருக்குப் போகக் கூடாது. வாசலில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி. வரும்போதே போனை அதில் போட்டுவிட வேண்டும். இவன் வழக்கம்போல, கைப்பழக்கத்தில், அதையும் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். நான் என் பையைத் தட்டித் தட்டிச் சைகை காட்டினேன். அவன் என்னை முறைத்தான். கடைச் சட்டம் தெரியாத முட்டாளைப் பார்ப்பதுபோல, பெட்டிப் பக்கம் கையைக் காட்டினான். ஓடிப்போய்க் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர், சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கச் சுங்குடிச் சேலை எடுக்க வந்து அவன் முன்னால் உட்கார்ந்தது. சாயம் போகுமா என்று ஒரு அம்மா கேட்டாள். அவன் கையை ஆட்டினான். சேலை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தன் வெள்ளை வேட்டியில் வைத்து அழுத்திக் காட்டினான். அந்த அம்மா தலையாட்டினாள். ஆனால் மற்றவர்கள் அடுத்த கவுண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் எழுந்தே போனார்கள். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கிடங்கு தெரிந்தது.

அப்போது தாமதமாக வேலைக்கு வந்த ஒரு கடைப் பெண் தன் போனைப் பெட்டிக்குள் போட்டாள்.

"வாங்க, வாங்க, உக்காருங்க."

அண்ணன் குரல், முழுச் சத்தத்தில், பெட்டிக்குள்ளிருந்து. எந்தப் போன் அவன் போனின் பொத்தான் மேல் சாய்ந்ததோ, மறுபடியும், "வாங்க, வாங்க, உக்காருங்க." உள்ளே வந்துகொண்டிருந்த ஒருவர் சரி சரி என்று பெட்டிக்குப் பதில் சொன்னார். கடையில் மடித்த கை, விரித்த கை எல்லாம் அப்படியே நின்றது. ஜாக்கெட் துணிப் பக்கம் நிற்கிற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தினம் தினம் செத்துப்போய் என் உயிரை எடுத்த செயலி, அன்றைக்குப் பார்த்துப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது.

முதலாளி எழுந்து பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி அந்தப் போனை எடுத்தார். அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே அண்ணனிடம் போய், தன் கையாலேயே அவன் சட்டைப் பையில் போட்டார்.

"ஒம்ம சத்தத்தக் கேட்டு எட்டு மாசம் ஆச்சு வே," என்றார். பிறகு கடையைப் பார்த்து, "எல்லாரும் போனப் பெட்டியில போடுங்க. இவரு மட்டும் வச்சுக்கிடட்டும்," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார்.

அண்ணன் பெருவிரலைப் பைமேல் வைத்தான். "பைய பாருங்க, அவசரமில்ல" என்று அவன் குரல் சொன்னது. எழுந்து போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கையைக் கிள்ளினாள். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் முன்னால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.