கிணற்றின் மேல் ஒரு தறி

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நோரா டீச்சர் என்றால் தையல் டீச்சர் என்று எல்லோருக்கும் தெரியும். கான்வென்ட் பள்ளியில் மூன்று தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தவள். நூல் என்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டாள். கம்பளியோ பருத்தியோ சணலோ, யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்ட ஸ்வெட்டரோ, பிரித்து, அலசி, கண்டாகச் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியில் நூல், பீரோவுக்கு மேலே நூல், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நூல். அவள் கணவர் ஓஸ்வால்ட் தும்மினால் அந்த வீட்டில் யாரும் மாத்திரை தேடமாட்டார்கள். எந்த மூட்டை பிரிந்து கிடக்கிறது என்றுதான் தேடுவார்கள்.

இதற்கெல்லாம் தனக்கென்று ஒரு அறை வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே அவள் கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஒன்று கட்டிக் கொடுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார் ஓஸ்வால்ட். மகள் லீனா பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி பிரேசர் டவுனுக்குக் குடிபோகும்வரை மனுஷன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடமாட்டார். சங்கடமான ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொள்வார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களை மட்டம் பார்த்து நிறுத்துகிற வேலை அவருக்கு. மெஷின் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அதன் காலுக்கு அடியில் மெல்லிய இரும்புத் தகடுகளைச் செருகி நிமிர்த்திவிடுவார். ஷிம் என்று அதற்குப் பெயர். தரை ஏன் இறங்கியது என்று கேட்பது அவர் வேலையில்லை. மெஷின் நேராக நின்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஓய்வு பெற்றபின் மிச்சமிருந்த தகடுகளை எண்ணெய் தடவி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.

நோராவும் ஓய்வு பெற்றாள். இந்த முறை அவள் கேட்கவில்லை. நேராக மேஸ்திரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தோட்டத்தில் அறை கட்டுகிற அகலத்துக்கு இரண்டே இடங்கள் இருந்தன. ஒன்று, புல் முளைத்த வெற்றிடம். இன்னொன்றில் பட்டர் ஃப்ரூட் மரம் நின்றது. ஓஸ்வால்டின் அம்மா நட்ட மரம். அதன் மேல் அவருக்கு உயிர். அந்தத் தோட்டத்தில் எங்கேயோ ஒரு பழைய கிணறு இருந்தது என்றும், தான் மருமகளாக வருமுன்பே மாமனார் அதைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டார் என்றும் நோரா கேள்விப்பட்டிருந்தாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களில் அது தெரிந்தவர் ஓஸ்வால்ட் ஒருவர்தான்.

மேஸ்திரியும் அதைத்தான் முதலில் கேட்டார். இங்கே கிணறோ குழியோ மூடியிருக்கிறதா என்றார். ஓஸ்வால்ட் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் கையை நீட்டி, கிணறு அங்கே, இந்த இடம் கெட்டித் தரை என்றார். கை சுவர்ப் பக்கம் இருந்தது, கண் மட்டும் மரத்தின் மேலேயே இருந்தது. நோரா அதைப் பார்த்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்னது பொய். நமக்கு அது இப்போதே தெரிந்துவிடட்டும். நோராவுக்குத் தெரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று, அதற்குள் அவள் அந்தக் கிணற்றின் நெஞ்சின் மேல் உட்கார்ந்து எத்தனையோ முழம் நெய்துவிட்டாள்.

அறை அழகாகத்தான் அமைந்தது. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், சிவப்புத் தரை, சுவர் முழுக்க நூல் கண்டுகளுக்குத் தட்டுகள், சாயம் காய்ச்ச ஒரு அடுப்பு, மூலையில் தண்ணீர் போக ஒரு துளை. நடுவில் தேக்கு மரத்தறி. நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து இறக்கியபோது தரை லேசாக ஒரு முனகல் முனகியது. புதுத் தரை அப்படித்தான் என்றார் மேஸ்திரி. அன்று முழுவதும் நோரா வீட்டுக்குள் வரவேயில்லை. அடுப்பில் வெங்காயத்தோல் போட்டு ஒரு மஞ்சள், பட்டர் ஃப்ரூட் கொட்டை போட்டு ஒரு இளஞ்சிவப்பு என்று காய்ச்சிக் காய்ச்சிக் கயிற்றில் தொங்கவிட்டாள். இனி சாகும்வரை எனக்கு இது போதும் என்று லீனாவிடம் போனில் சொன்னாள். சொல்லக்கூடாத வார்த்தை.

முதலில் நூல்கண்டுதான் காட்டிக்கொடுத்தது. மடியிலிருந்து நழுவுகிற கண்டு எங்கே விழுந்தாலும் தறியின் வலது காலைத் தேடித்தான் உருண்டது. தண்ணீர் போக மேஸ்திரி வாட்டம் விட்டிருக்கிறார் என்று நோரா நினைத்துக்கொண்டாள். பிறகு சாயப் பாத்திரம். தண்ணீர் ஒரு பக்கம் விளிம்புவரை ஏறி நிற்க, மறு பக்கத்து நூல் நனையாமல் வெள்ளையாகவே கிடந்தது. அடுப்பு கோணல் என்று அதன் கீழே ஒரு ஓட்டுத் துண்டை வைத்தாள். பிறகு கதவு தரையில் உரசியது. மழையில் மரம் ஊதிவிட்டது என்று அவளே அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். மூலைத் துளையில் சாயத் தண்ணீரை ஊற்றினால் ஆரம்பத்தில் நின்று நிதானமாகத்தான் இறங்கும். மழை பிடித்தபின் மடக் மடக்கென்று குடித்தது. அடைப்பு விட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள், பாருங்கள். அதற்கப்புறம் குடம் குடமாக ஊற்றினாள்.

கடைசியாகத் தறி. நெய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துணியில் தப்பு வந்தால் முதலில் தன் கையைத்தான் சந்தேகிப்பார்கள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் வலது பக்கம் மட்டும் தொய்ந்தது. ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. வயசாகிவிட்டது, கை போய்விட்டது என்று நோரா ராத்திரியெல்லாம் வருத்தப்பட்டாள். வலது காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் தாங்கியது, மறுபடியும் தொய்ந்தது.

அப்புறம் தானாகவே சரியாயிற்று. ஒரு காலையில் போய் உட்கார்ந்தால் பாவு இரு பக்கமும் விண்ணென்று நின்றது. மறு வாரம் கொஞ்சம் தொய்ந்தது, மறுநாள் மறுபடியும் விண்ணென்று ஆகிவிட்டது. நோராவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. காபி குடித்துக்கொண்டிருந்த ஓஸ்வால்டிடம் ஓடிப்போய், எனக்குக் கை திரும்பி வந்துவிட்டது என்றாள். அவர் தலையைத் தூக்காமல் உம் என்றார்.

லீனா அப்போது முழுகாமல் இருந்தாள். சனிக்கிழமைதோறும் வந்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு இளஞ்சிவப்பில் ஒரு போர்வை நெய்தாள். அவள் தறியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சமையலறைப் படியிலிருந்து ஓஸ்வால்ட் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் போன் வேலை செய்யவில்லை. ஒரு நாள் கண்ணாடியைக் காணவில்லை. ஒரு நாள் ஒன்றுமில்லை, சும்மா வா என்றார். நோராவுக்கு எரிச்சலான எரிச்சல். மகள் வந்தால் என்னோடு கொஞ்ச நேரம் இருக்கக்கூடாதா என்று சண்டைக்கே போனாள். சாய வாசனை பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று அவர் இழுத்தார். வெங்காயத்தோலில் என்ன வாசனை என்று அவள் கேட்டாள். டாடிக்குப் பொறாமை என்று லீனா சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். அவள் விட்ட இடத்தில் நோரா உட்கார்ந்து நெய்வாள். அப்போதெல்லாம் ஓஸ்வால்ட் யாரையும் கூப்பிட்டதில்லை.

அக்டோபரில் மழை கொட்டித் தீர்த்தபின் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல வாட்ஸ்அப் திறக்கவில்லை என்று கூப்பிட்டார், வழக்கம்போல லீனா போனாள். நோரா தறியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த கண்டு விழுந்து வலது காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முட்டி போட்டுக் குனிந்து கையை விட்டாள். கண்டு அகப்படவில்லை. விரலில் ஏதோ சில்லென்று பட்டது.

அவள் வைத்த அட்டையைக் காணோம். அந்த இடத்தில் இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரல் கனத்துக்கு ஏறியிருந்தன. ஓரத்தோடு ஓரம் பிசகாமல் அடுக்கிய அடுக்கு. எண்ணெய் கூட இன்னும் மினுமினுத்தது. அதைச் சுற்றித் தரையில் பிறை வடிவத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது, அதிலிருந்து குளிர்ந்த காற்று அவள் மணிக்கட்டைத் தொட்டது. பாசி நாற்றம் வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஆழத்தில், ரொம்ப ஆழத்தில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து வீட்டுக்குள் போனாள். பிஸ்கட் டப்பாவில் கிடந்த உதிரித் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனாள். போனை மகளிடம் கொடுத்துவிட்டு ஓஸ்வால்ட் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். லீனா சமையலறைக்குள் இருந்தாள்.

"கிணறு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள் நோரா.

அவர் தகட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அறையைப் பார்த்தார்.

"அப்பா நல்லாத்தான் மூடியிருப்பார்னு நெனச்சேன். அங்க வேணாம்னா நீ மரத்த வெட்டச் சொல்லியிருப்ப."

எப்போது தெரியும் என்று கேட்டாள். மழைக்கு முன்னாலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்றார். அவள் கோயிலுக்கோ கடைக்கோ போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு தகடாக ஏற்றியிருக்கிறார். தறி நேராக நின்றால் அவள் நிம்மதியாக இருப்பாள், மழை நின்றபின் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தாராம். அந்த மழைக்காலத்தின் ஒவ்வொரு காலையையும் நோரா நினைத்துப் பார்த்தாள். அவள் கை திரும்பி வந்துவிட்டது என்று ஓடி வந்த காலையையும்.

கத்தரியை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். லீனாவின் போர்வை தறியில் இருந்தது, அதை அங்கே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஓஸ்வால்ட் பின்னாலேயே ஓடிவந்தார். வாசற்படிவரை வந்தார்.

"உள்ள போகாத நோரா. வெளிய வா."

படிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சொன்னார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. நோரா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாவு நூலைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வெட்டினாள். அவசரப்படவில்லை. பயமில்லாமல் இல்லை. கடைசிக் கொத்து அறுந்ததும் தறி மொத்தமும் ஒரு தரம் குலுங்கி நின்றது. தரைக்குக் கீழே ஏதோ பெயர்ந்து விழுந்தது. விழுந்து, கொஞ்சம் பொறுத்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாதிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து அவள் வெளியே வந்தாள்.

"லீனாவ வாராவாரம் கூப்பிட்டீங்க," என்றாள். "என்னை ஒரு தடவகூட கூப்பிடலையே?"

ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"உன்னக் கூப்பிட்டா ஏன்னு கேப்ப, நோரா."

திங்கட்கிழமை மத்தியானம், இருவரும் வீட்டுக்குள் தனித்தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தரை போயிற்று. பெரிய இடி என்றுதான் தெருவில் நினைத்தார்கள். சுவர்கள் அப்படியே நின்றன, ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. நடுவில் மட்டும் வட்டமாக ஒரு இருட்டு இருந்தது. தறி, அடுப்பு, தட்டுகளில் பாதி எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஒரு மஞ்சள் நூல்கண்டு மட்டும் ஆணியில் மாட்டிக்கொண்டு பிரிந்து பிரிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாருமில்லையே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார்கள். ஓஸ்வால்டும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்தோத்திரம் என்றார். நோரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

பிரசவத்துக்கு உதவி என்று சொல்லி அவள் பிரேசர் டவுனுக்குப் போனாள். பிரசவம் நல்லபடியாக ஆயிற்று, பெண் குழந்தை. பாதியில் வெட்டிய போர்வை அதற்கு இப்போதைக்குச் சரியாக இருக்கிறது. ஓரத்து நூலையெல்லாம் நோரா முடிச்சுப் போட்டுவிட்டாள். மாதங்கள் போய்விட்டன, உதவி இன்னும் முடியவில்லை. லீனாவும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓஸ்வால்ட் வருவார். கையில் ஒரு பை நிறையப் பட்டர் ஃப்ரூட் இருக்கும். இந்த வருஷம் மரம் என்றுமில்லாதபடி காய்த்திருக்கிறது, வேர் எங்கேயோ தண்ணீரைப் பிடித்துவிட்டதுபோல. பையைக் கேட்டில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டு, நோரா வா, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிடுவார். ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறார். அவளும் ஜன்னலோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிறாள். ஏன் என்று இதுவரை அவள் கேட்டதில்லை, எழுந்து போனதுமில்லை.