இரு திசையிலும் ஓடும் எஞ்சின்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் பார்த்துக்கொள்ளும் விடுதி, பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டியது. முன்வாசல் கடைத்தெருவில், பின்வாசல் காயல் நீரில் இறங்கும் கற்படியில். நடுவே ஒடுங்கிய நீண்ட முற்றம். நடக்க முடியாத விருந்தினர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் அறைக்குக் கொண்டுபோக, உரிமையாளர் ஏதோ ஒரு கிளப்பிலிருந்து பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டி. ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

பெட்ரோலில் ஆயிலை அளந்து கலப்பேன். கரி பிடித்த பிளக்கைத் தேய்ப்பேன். சைலன்சரைக் கழற்றி அடைத்திருக்கும் கரியைச் சுரண்டுவேன். இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். பயந்த சுபாவக்காரிக்குக் கையில் ஒரு வேலை இருப்பது நல்லது.

அந்த வண்டியில் பின்னால் போவதற்குத் தனி கியர் கிடையாது. பெடலிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அடியோடு நின்றுவிடும். மிதித்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இருக்கைக்குக் கீழே உள்ள லீவரைப் பின்பக்கம் தள்ளி மிதித்தால், ஸ்டார்ட்டர் எஞ்சினையே எதிர்த்திசையில் சுற்றிவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே சத்தம், அதே புகை. எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று அது காட்டிக்கொள்வதே இல்லை.

உப்புக்காற்றில் அந்த லீவரின் சுவிட்ச் பச்சை பூத்துப்போயிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், மழைக்கு நடுவே, அதைப் பிரித்தேன். முதலில் வண்டியின் பின்பாகத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தின் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் லீவரை முன்னால் போட்டு மிதித்தாள். சக்கரம் கடிகார முள் போலச் சுற்றியது. நோட்டில் குறித்துக்கொண்டேன். சுவிட்சைச் சுத்தம் செய்து, வயர்களைத் திரும்ப மாட்டினேன். அதற்குள் கூரை ஒழுகி வலது பக்கம் நனைந்துவிட்டது. முக்காலியை இடது பக்கம் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். மகள் மிதித்தாள். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது.

வயர் மாறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினேன். இப்போது கடிகார முள் போலச் சுற்றியது. நோட்டில் ஒரு டிக் போட்டேன்.

கேஸ் அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவள் நான். வலது பக்கம் இருந்து பார்ப்பதும் இடது பக்கம் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்டியை இறக்கினேன். அதன் முதுகு காயலைப் பார்த்து இருந்தது. "கேட் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று மகள் லீவரை முன்னால் தள்ளி மிதித்தாள். வண்டி பின்னால் பாய்ந்தது. அவள் பிரேக்கைத் தேடுவதற்குள் நான் ஏதோ கத்தினேன். அவள் காலை எடுத்தபோது இடது பின்சக்கரம் கற்படியின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கிடங்கில் மூட்டை சுமக்கும் மலையாளிச் சேட்டன் இன்னும் மூன்று பேரோடு ஓடி வந்து வண்டியை இழுத்தார்.

"பேடிக்க வேண்டாம் மோளே, பயப்படாதே. வண்டிக்கு போட்ல ஏறி எர்ணாகுளம் போகணும்னு ஆசை, அவ்வளவுதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

இழுத்தபோது யாரோ லீவரை நடுவில் தள்ளியிருந்தார்கள்; அது முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்று பார்க்க வழியில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு, "நான்தான் மாத்திப் போட்டிருப்பேன்ம்மா" என்றாள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு ஸ்கூட்டருக்கான டிரைவிங் டெஸ்ட். போகப்போவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆலுவாவில் இருக்கும் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து, வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் என் கனவில் ஓடிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வண்டியை மறுபடி ஜாக்கியில் தூக்கினேன். தரை காய்ந்திருந்ததால் வலது பக்கமே உட்கார்ந்தேன். லீவரை முன்னால் போட்டு, ஒரு கட்டையால் பெடலை அழுத்தினேன். சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. எழுந்து இடது பக்கம் போய்ப் பார்த்தேன். திரும்ப வலது பக்கம் வந்தேன். புரிந்தது: ஒரே சுற்று இடது பக்கமிருந்து பார்த்தால் எதிர்த்திசையில் தெரியும்; சரியாக இருந்த வயரைத்தான் மாற்றியிருந்தேன். வயர்களைச் சரியாக மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் பார்க்கவில்லை.

சொல்லவில்லை. திங்கள் சொல்லவில்லை, செவ்வாய் சொல்லவில்லை. பஸ்ஸில் போனால் போதும் என்று அவளைத் தேற்றினேன். அந்த நாட்களில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன்.

புதன்கிழமை அவள் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னால எது, பின்னால எதுன்னே தெரியலடி. என்னை நம்பி யாரு வண்டியக் கொடுப்பா?" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

போனை வைத்ததும் சொன்னேன். "நீ லீவரைச் சரியாத்தான் போட்ட. வயரை மாத்தினது நான்."

கேலண்டர் தாளின் பின்பக்கம் சக்கரத்தை இரண்டு பக்கமிருந்தும் வரைந்து காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னிக்கு புதன்."

"ஆமா."

"கண்ணை மூடினா எனக்குத் தண்ணிதான் தெரியுது. நீ சாயா போட்டுக் கொடுத்து, பஸ் இருக்கேன்னு சொல்லிண்டிருந்த."

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சரி பண்ணிட்டேன். இப்ப நேராப் போகும்."

"யாரு சொல்றா? நீயா?"

"ஜாக்கியில தூக்கி ஒரு தடவை பாத்துடலாம்."

"எந்தப் பக்கம் உக்காந்து பாப்ப?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டிக்கும் காயலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அங்கேர்ந்து தள்ளி நில்லும்மா. பின்னால வந்தா முதல்ல நீதான் விழுவ."

தள்ளி நின்றேன். மிதித்தாள். வண்டி புகை கக்கிக்கொண்டு கேட்டை நோக்கிப் போயிற்று.

மறுநாள் டெஸ்டுக்குத் தனியாகப் போனாள். தேறிவிட்டாள். இப்போது தினமும் ஸ்கூட்டரில்தான் ஆலுவா போய் வருகிறாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பு என்று முதல் நாளே சொன்னேன். "நீ சொல்ல எத்தனை நாள் எடுத்துண்ட?" என்றாள். ஒன்பது மணி முதல் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் அனுப்புவதில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.